மக்காச்சோளக் கொல்லையில் லாவெண்டர்: பதேர்வா மலையிலிருந்து வீட்டுப் பீரோ வரை

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் நெடுஞ்சாலையில், படோட் என்ற இடத்தில் கிழக்கே பிரிந்து செனாப் ஆற்றோடு போனால் தோடா. அங்கிருந்து நீரு என்ற சிற்றாற்றின் கரையோடு மேலே ஏறினால் பதேர்வா. சுமார் 1,600 மீட்டர் உயரம், சுற்றிலும் தேவதாருக் காடு, குளிர்காலத்தில் பனி. ராஜ்மாவுக்குப் பேர்போன ஊர். பதேர்வா ராஜ்மாவுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் இந்தச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக அதிகம் விளைந்தது மக்காச்சோளம்தான். கடந்த 15 ஆண்டுகளில் அந்தச் சோளக் கொல்லைகள் பல லாவெண்டருக்கு மாறிவிட்டன. அரசு இதற்கு 'ஊதாப் புரட்சி' என்று பெயர் வைத்திருக்கிறது.

செய்திகளில் வருவது பெரும்பாலும் பூத்த வயலின் படம். இந்த மாற்றம் ஏன் நிலைத்தது என்று தேடிப் படித்ததில், எனக்குப் பூவைவிட முக்கியமாகப் பட்டது வயலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்ற தைலம் வடிக்கும் கலம். அடுத்து, அந்தத் தைலமும் பூவும் கடைசியில் போய்ச் சேரும் வீடுகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது, எது கைநழுவுகிறது என்று தெரியும்.

சோளம் ஏன் தோற்றது

ஜம்மு காஷ்மீரில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் அரை ஹெக்டேரைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே கணக்கு ஏக்கரில் இல்லை, கனாலில். எட்டு கனால் சேர்ந்தால் ஒரு ஏக்கர். படிக்கட்டு போல வெட்டிய வயல், வானம் பார்த்த பூமி. மழை தவறினால் கதிர் பிடிக்காது. கதிர் பிடித்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் இறங்கும். ராத்திரி முழுக்கப் பரண் போட்டுக் காவல் இருந்து காப்பாற்றினாலும், கடைசியில் கைக்கு வருவது வீட்டுச் செலவுக்கே காணாது. மக்காச்சோளத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் என்பது மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் தரப்பு சொல்லும் கணக்கு. ஹெக்டேருக்கு அவ்வளவு என்றால் நாலு கனால் வைத்திருப்பவருக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

லாவெண்டரை ஆடு மாடு மேயாது, குரங்கு பறிக்காது. இலையில் உள்ள அதே தைலம்தான் காவல். ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது. கல்லும் சரளையுமான சரிவுதான் அதற்குப் பிடிக்கும். சோளத்தின் தோல்விக்கு எதெல்லாம் காரணமோ, அதில் பாதி இந்தச் செடிக்குச் சாதகம். வருமானத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும். மலை விவசாயி முதலில் பார்ப்பது எவ்வளவு வரும் என்பதை இல்லை, எவ்வளவு வீணாகாமல் நிற்கும் என்பதைத்தான்.

செடி வந்த வழி

லாவெண்டரின் தாயகம் மத்தியதரைக்கடல் ஓரத்து மலைகள். துளசி, புதினா, தும்பை எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். தைலத்துக்காக வளர்க்கும் உயர்ந்த இனம் லாவண்டுலா ஆங்குஸ்டிஃபோலியா. சிஎஸ்ஐஆரின் கீழ் ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் அதிலிருந்து காஷ்மீர்ப் பகுதிக்கு ஏற்ற ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அந்த நிறுவனத்துக்கு முன்பிருந்த பெயர் மண்டல ஆராய்ச்சி ஆய்வகம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் ரகத்தின் பெயரிலும் நின்றுவிட்டன: ஆர்ஆர்எல்-12. புல்வாமா மாவட்டம் போனேராவில் அந்த நிறுவனத்தின் பெரிய பண்ணையும் இருக்கிறது.

தோடா மாவட்டத்தில் லெஹ்ரோட் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு விவசாயி 2010இல் ஏறத்தாழ 0.1 ஹெக்டேரில் சோளத்தை எடுத்துவிட்டு லாவெண்டர் வைத்தார். அதாவது இரண்டே கனால். பெரிய வயலை ஒரேயடியாக மாற்றாமல் ஒரு மூலையில் வைத்துப் பார்த்த அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. பலன் தெரிந்ததும் அவர் பரப்பைக் கூட்டினார், அக்கம்பக்கத்தினரும் சேர்ந்தார்கள். 2016இல் சிஎஸ்ஐஆர் மணப்பயிர்களுக்கான 'அரோமா மிஷன்' திட்டத்தைத் தொடங்கியபோது காட்டுவதற்கு ஒரு வயல் தயாராக இருந்தது. மிஷன் மூலம் புதியவர்களுக்கு நாற்று இலவசமாகக் கிடைத்தது, பயிற்சி கிடைத்தது. 2021இல் இரண்டாம் கட்டம் வந்தது. 2022 மே மாதம் பதேர்வாவில் நாட்டின் முதல் லாவெண்டர் திருவிழா நடந்தது.

வளர்ப்பு

விதையில் போட்டால் செடிக்குச் செடி மணம் மாறும். அதனால் தாய்ச்செடியிலிருந்து தண்டுக் குச்சி வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் நடுகிறார்கள். பதேர்வாவில் இந்த நாற்று விற்பனையே சிலருக்குத் தனி வருமானம் ஆனது. அது நல்லதுதான். ஆனால் பரப்பு விரிந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் அந்த வருமானம். எல்லோரும் நட்டு முடித்த பிறகு நாற்று யார் வாங்குவார்கள்? அதை நிரந்தர வரும்படியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வரிசைக்கு வரிசை ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். மண்ணில் கார அமில நிலை 6.5 முதல் 8 வரை இருக்கலாம், வடிகால் மட்டும் கட்டாயம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அழுகின செடியைக் காப்பாற்ற வழியே இல்லை. முதல் ஆண்டு வருகிற பூவை வெட்டி எறிந்துவிட வேண்டும். மனசு வராதுதான், ஆனால் அப்போதுதான் செடி கிளைத்து உருண்டையாகும். முழு விளைச்சல் மூன்றாம் ஆண்டிலிருந்து. அதுவரை வரிசைகளுக்கு இடையே ராஜ்மாவோ காய்கறியோ போட்டுக்கொள்ளலாம். அப்புறம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே செடி நிற்கும்.

கவாத்து விஷயத்தில்தான் பலர் செடியை இழக்கிறார்கள். பூ எடுத்து முடித்ததும் பச்சைத் தண்டு இருக்கிற அளவோடு மொட்டையடிக்க வேண்டும். அதற்குக் கீழே கட்டையாகிவிட்ட பகுதியில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது. வெட்டாமலே விட்டாலும் நடுவில் பிளந்து வழுக்கையாகிவிடும்.

தமிழ்நாட்டு நர்சரிகளில் லாவெண்டர் என்று விற்கிற செடியை வாங்கிச் சென்னை மொட்டைமாடியில் வைத்து, இரண்டே மாதத்தில் கருகிப்போய் வருந்துபவர்கள் நிறைய. குற்றம் அவர்கள் மேல் இல்லை. ஆங்குஸ்டிஃபோலியா இனத்துக்குக் குளிர்காலம் வேண்டும், அப்போதுதான் பூக்கும். வெயிலைக்கூடத் தாங்கும், வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் தாங்காது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மழை நேரடியாக விழாத இடத்தில், மணலும் சரளையும் கலந்த தொட்டியில் வளர்க்கலாம். சமவெளியில் ஆசைப்படுபவர்கள் இலையோரம் பல் பல்லாக இருக்கும் டென்டாட்டா இனத்தைத் தேடலாம். அதற்குக் கடுங்குளிர் தேவையில்லை, மணம் மட்டும் சற்றுக் கற்பூர வாடையாக இருக்கும். தக்காணத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் லாவண்டுலா பிபின்னாட்டா என்ற நம் நாட்டுக் காட்டு லாவெண்டரே உண்டு. அதை யாரும் தோட்டத்துக்குக் கொண்டுவர மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

கலம்

நீலகிரியில் யூகலிப்டஸ் இலையைக் கொதிக்க வைத்துத் தைலம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அடியில் நீராவி, மேலே பூ, அப்புறம் குளிர்விக்கும் குழாய், கடைசியில் ஒரு பாத்திரம். ஆனால் லாவெண்டரில் நுணுக்கம் அதிகம். அங்கேதான் விலை நிர்ணயமாகிறது.

பூங்கொத்தில் பாதிக்கு மேல் விரிந்த சமயம், ஜூன் ஜூலையில், பனி காய்ந்த பிறகு அரிவாளால் அறுக்கிறார்கள். ஈரத்தோடு கலத்தில் போட்டால் நீராவி வீணாகும், அதனால் சில மணி நேரம் நிழலில் வாட விடுவது வழக்கம். தண்டின் நீளம் கூடினால் கலத்தில் இடம்தான் அடையும், தைலம் கூடாது. பூவை அடைக்கும்போது எங்கும் ஒரே மாதிரி அமுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்வாக இருந்தால் நீராவி அந்த வழியே ஓடிவிடும், மீதிப் பூ தைலத்தை விடாமல் அப்படியே வேகும்.

லாவெண்டரின் இனிய மணத்துக்கு முக்கியக் காரணம் லினலைல் அசிடேட் என்ற எஸ்டர் வகை வேதிப்பொருள். கூடவே லினலூல். இந்த எஸ்டர் கொதிநீரில் நெடுநேரம் கிடந்தால் உடைந்து லினலூலாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். எஸ்டர் குறைந்தால் மணம் தட்டையாகும், விலையும் இறங்கும். அதனால்தான் பூவைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க வைக்கும் பழைய முறையைவிட, பூவைத் தட்டில் வைத்துக் கீழிருந்து நீராவி மட்டும் அனுப்பும் முறை மேல். குளிர்ந்து வரும் நீரில் தைலம் மேலே மிதக்கும், ஒரு லிட்டர் தைலம் 880 கிராம்தான் இருக்கும். கீழே நிற்பது மணநீர்.

நூறு கிலோ புதுப் பூ போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ தைலம். கலம் எங்கோ நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன ஆகும்? மலைப்பாதையில் லாரி வாடகையே பூவின் விலையைத் தின்றுவிடும். மூட்டையில் அடைத்த பூ வழியிலேயே சூடேறிப் புழுங்கும். விவசாயி வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். கலம் ஊரிலேயே இருந்தால் அவர் கையில் இருப்பது வாடும் பூ இல்லை, கண்ணாடிப் பாட்டிலில் இருட்டில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாத தைலம். வாங்க வருபவரிடம் "இந்த விலைக்கு இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்ல முடிகிறது. ஆய்வு நிறுவனம் தோடாவில் கலங்களை நிறுவிக் கொடுத்ததை நான் இந்த முழு முயற்சியின் மையமாகப் பார்ப்பது இதனால்தான். இலவச நாற்று மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், எத்தனையோ ஊர்களில் எத்தனையோ புதுப் பயிர்களுக்கு நடந்ததுதான் இங்கும் நடந்திருக்கும்.

ஒரு கவலை. கொதிகலனுக்கு விறகு வேண்டும். தேவதாருக் காட்டுக்கு நடுவே விறகை நம்பி ஒரு தொழில் வளர்வதை அலட்சியமாக விடக் கூடாது. வடித்து முடித்த பூச்சக்கையைக் காயவைத்து எரிக்கலாம், ஓரளவு ஈடுகட்டும். இன்னொன்று, சோளம் போனால் மாட்டுக்குத் தட்டையும் போகும். லாவெண்டர் தீவனம் தராது. நிலம் முழுவதையும் மாற்றாமல் ஒரு பங்கைச் சோளத்துக்கும் ராஜ்மாவுக்கும் விட்டுவைக்கும் குடும்பங்கள் புத்திசாலிகள்.

வீட்டுக்குள்

நம் வீடுகளில் லாவெண்டர் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது யார்ட்லி பவுடர் டப்பா. அப்புறம் தரை துடைக்கும் திரவம், துணி ஊறவைக்கும் கண்டிஷனர், பாத்ரூம் மணக்கட்டி. இந்த மலிவான மணங்களில் பெரும்பகுதி ஆலையில் செய்த லினலூலும் லினலைல் அசிடேட்டும். இன்னொரு பகுதி லாவாண்டின் என்ற கலப்பினத்தின் தைலம். அது விளைச்சலில் பல மடங்கு, கற்பூர வாடை தூக்கல், விலை குறைவு. உண்மையான லாவெண்டரை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அசல் பூவும் தைலமும் வீட்டில் எதற்கெல்லாம் உதவும்?

பூ காயவைப்பதில் தொடங்குவோம். தைலத்துக்கு அறுப்பதைவிடச் சற்று முன்னதாக, பாதிக்கும் குறைவாக விரிந்திருக்கும்போதே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் உதிரும். சிறு கட்டுகளாகக் கட்டி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள அறையில் தலைகீழாகத் தொங்க விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் காயும். கட்டுவதற்கு நூலைவிட ரப்பர் பேண்ட் நல்லது. தண்டு காய்ந்து சுருங்கும்போது அதுவும் கூடவே இறுகும்.

காய்ந்த பூவை மெல்லிய பருத்திப் பையில் போட்டுப் பீரோவில் வைப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். நம் வீடுகளில் வெட்டிவேர் செய்கிற வேலை. மணம் குறைந்தால் பையைக் கையால் கசக்கினால் மறுபடி எழும், சில மாதத்துக்கு ஒருமுறை பூவை மாற்ற வேண்டும். கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சி கிட்டே வராமல் ஓரளவு தடுக்கும். ஆனால் ஏற்கெனவே துணியில் இட்ட முட்டையையும் புழுவையும் அது கொல்லாது. முதலில் துணியை வெயிலில் போட்டு உதறிவிட்டுத்தான் பை வைக்க வேண்டும். காஷ்மீர் சால்வை வியாபாரிகள் ஒரு காலத்தில் இதே வேலைக்குக் கோஷ்டம் வேரைப் பயன்படுத்தினார்கள், நம் சித்த மருந்துக் கடைகளில் இருக்கிறதே, அதே கோஷ்டம். தோண்டித் தோண்டி அது காட்டில் அருகிப்போய், காட்டுக் கோஷ்டத்தின் சர்வதேச வணிகத்துக்கே இன்று தடை இருக்கிறது. அதே மலைநாட்டில் பயிரிட்டே எடுக்கக்கூடிய ஒரு மாற்று வந்திருப்பது எனக்கு நிறைவான செய்தி.

மணநீரைப் பலர் மதிப்பதில்லை. துணி தேய்க்கும்போது தெளிக்க, தலையணை உறையில் தூவ, வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் முகத்தில் ஒற்றிக்கொள்ள, இதைவிட எளிதான பொருள் கிடையாது. பதனப்பொருள் சேர்க்காததால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து, வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும்.

வெள்ளை வினிகரில் ஒரு பிடி காய்ந்த பூவை இரண்டு வாரம் ஊறவைத்து வடிகட்டினால் கண்ணாடி, சிங்க், குழாய் துடைக்க ஏற்ற திரவம் தயார். மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். பிளீச்சிங் சேர்ந்த எதனோடும் கலக்கவே கூடாது.

சமையலில் ஆங்குஸ்டிஃபோலியா பூ மட்டும், அதுவும் மருந்து தெளிக்காதது. ஒரு கோப்பை வெந்நீரில் அரை டீஸ்பூன், ஐந்து நிமிடம். கூடினால் சோப்பைத் தின்பது போல இருக்கும். சர்க்கரை டப்பாவில் நாலைந்து காம்பு போட்டு வைத்தால் பிஸ்கட் சுடும்போது மணக்கும். பூக்கும் வயலருகே தேன்பெட்டி வைத்தால் அந்தத் தேனுக்குத் தனி ருசி.

தைலத்தை அப்படியே தோலில் தடவக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஐந்தாறு சொட்டு போதும். திறந்து பழசான தைலம் காற்றுப்பட்டு மாறிச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். தைலத்தைக் குடிக்கவே கூடாது. பதற்றத்துக்காக ஜெர்மனியில் தயாரான, அளவு திட்டமான லாவெண்டர் மாத்திரையை ஆராய்ந்து பலன் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு பாட்டில் தைலத்தைப் பாலில் விட்டுக் கொடுப்பது ஆபத்து. முகர்ந்தால் தூக்கம் வரும் என்பதற்கான சான்றுகள் சிறியவை. தலையணையருகே ஒரு துளி வைத்து மனசு லேசானால் நல்லது, மருத்துவர் கொடுத்த மருந்தை மட்டும் அதற்காக நிறுத்த வேண்டாம். பூனை இருக்கும் வீட்டில் டிஃப்யூசரில் போடுவதைத் தவிர்க்கலாம், பூனையின் கல்லீரலால் இந்த வகைப் பொருள்களைச் சரியாக வெளியேற்ற முடியாது. கொசுவைச் சிறிது நேரம் விரட்டும், டெங்கு காலத்தில் அதை நம்பிக் கொசுவலையை மடித்து வைக்கக் கூடாது.

காசு

லிட்டருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது தோடா தைலத்துக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட விலை. ஹெக்டேருக்கு 40 கிலோ தைலம் என்று வைத்துக்கொண்டால் நாலு லட்சத்துக்கு மேல். சிஎஸ்ஐஆர் சொல்லும் 3.5 முதல் 6 லட்சம் என்ற வரம்புக்குள் இது வருகிறது. நாலு கனால் காரருக்கு எண்பது, தொண்ணூறு ஆயிரம். சோளத்தில் அதே நிலத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஆயிரம். அறுப்புக்கூலியும் வடிக்கும் செலவும் கழித்தாலும் வித்தியாசம் பெரிது, இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இது உலகச் சந்தைப் பொருள். பிரான்சின் புரோவான்ஸ் பகுதியும் பல்கேரியாவும் பெரிய உற்பத்தியாளர்கள், அளவில் பல்கேரியா முந்திவிட்டது. 2020களின் தொடக்கத்தில் அங்கே தேவைக்கு மேல் விளைந்து விலை சரிந்தது, நட்ட செடியையே பிடுங்கி எறிந்த விவசாயிகள் உண்டு. பதேர்வாவின் தைலத்தை இப்போது வாங்குவதில் முக்கியமானவை மும்பையைச் சேர்ந்த சில நிறுவனங்கள். வாங்குபவர்கள் குறைவு, செடியோ பதினைந்து ஆண்டு நிற்பது. விலை இறங்கினால் அடுத்த பருவத்தில் வேறு பயிருக்குத் தாவ முடியாது.

அதனால்தான் வீட்டு உபயோகத்தை இவ்வளவு நீட்டி எழுதினேன். தைலம் மொத்த வியாபாரியின் விலைக்குக் கட்டுப்பட்டது. காய்ந்த பூப் பை, மணநீர், சோப்பு, தேன் எல்லாம் அப்படி இல்லை. ஜூன் மாதம் வயல் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிக்கே நேராக விற்கலாம். மணநீரைக் கீழே கொட்டாமல் பாட்டிலில் அடைத்தாலே வடிக்கும் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும். பத்துக் குடும்பம் சேர்ந்த ஒரு குழுவால் செய்ய முடிகிற வேலைதான் இது, பெரிய முதலீடு கேட்காது.

இதற்கு முன்னால் ஒன்று தேவை: ஒவ்வொரு வடிப்புக்கும் ஆய்வகச் சான்று. இயற்கை லாவெண்டரில் உள்ள லினலூல் பெரும்பாலும் ஒரே ஒரு ஆடிப்பிம்ப வடிவத்தில் (இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று பிம்பமான இரண்டு வடிவங்களில் ஒன்றில்) இருக்கும், ஆலையில் செய்ததில் இரண்டு வடிவமும் சரிபாதி கலந்திருக்கும். அதற்கான வாயுப் பகுப்புச் சோதனையில் கலப்படம் பிடிபட்டுவிடும். ரகத்தைக் கொடுத்த அதே நிறுவனத்தால் இந்தச் சோதனையைச் செய்துகொடுக்க முடியும். தேதி, கலத்தின் எண், எஸ்டர் அளவு ஆகிய மூன்றையும் அச்சிட்ட ஒரு சீட்டு பாட்டிலில் ஒட்டியிருந்தால், பதேர்வா விவசாயி கேட்கும் விலையைச் சென்னையில் இருக்கும் நான் தயங்காமல் கொடுப்பேன்.